உள்ளே வரும் நீர்

வாயருகே உள்ளங்கையை வைத்து ஊதினால் காற்று கையில் படுவது நன்றாகத் தெரியும். கையை அதே இடத்தில் வைத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தால் ஒன்றும் தெரியாது. போன காற்றும் வந்த காற்றும் அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். போகும்போது ஒரே திசையில் கற்றையாகப் போகிறது. வரும்போது முன், பின், மேல், கீழ் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் மெல்லக் கூடி வருகிறது. நீருக்கும் இதே குணம் உண்டு. நீர்த்தாரையால் ஓடும் படகைப் பற்றி யோசிக்கிறவர்கள் இந்த ஓரவஞ்சனையிலிருந்து தொடங்குவது நல்லது.

திருவிழாக் கடைகளில் தகரப் படகு ஒன்று விற்பார்கள். உள்ளே ஒரு சின்ன எண்ணெய்த் திரி, அதன் மேல் தட்டையான கொதிகலன், அதிலிருந்து பின்பக்கமாக நீருக்குள் இறங்கும் மெல்லிய குழாய்கள். திரியை ஏற்றித் தொட்டியில் விட்டால் டப்டப்பென்று அடித்துக்கொண்டு ஓடும். 1891இல் தாமஸ் பியோ என்பவர் பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்குள் சுழல்கிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. நீராவி விரிந்து குழாயிலுள்ள நீரைப் பின்னால் தள்ளுகிறது. ஆவி குளிர்ந்து சுருங்கியதும் அதே குழாய் வழியாக நீர் திரும்ப உள்ளே வருகிறது. போவதும் வருவதும் ஒரே அளவு, ஒரே வழி. படகு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் ஓடுகிறது. வெளியேறும் நீர் கற்றையாகப் போய்ப் படகை உந்துகிறது. திரும்பும் நீர் நாலா பக்கத்திலிருந்தும் வருவதால் அந்த உந்தலை அழிப்பதில்லை. எர்ன்ஸ்ட் மாஹ் 1883இல் எழுதிய இயந்திரவியல் நூலில் இந்தச் சிக்கலைத் தொட்டிருக்கிறார். இன்றும் இயற்பியல்காரர்கள் இதைப் பற்றி வாதிடுகிறார்கள்.

நான் பொறியியல் மாணவர்களுக்குப் பாய்ம இயந்திரவியல் கற்பிக்கிறவன். பம்பும் நாசிலும் வைத்து, அரை மீட்டர் நீளத்துக்குள் ஒரு நீர்த்தாரைப் படகை வடிவமைத்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஒரு பயிற்சி கொடுப்பது வழக்கம். மாணவர்களில் சிலர் பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள். கணக்கு எளிதாகத்தான் தொடங்கும். பேட்டரியில் ஓடும் சிறிய பம்பு நொடிக்கு 0.3 லிட்டர் தள்ளுகிறது, நாசிலின் விட்டம் 10 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், தாரை நொடிக்கு 3.8 மீட்டர் வேகத்தில் பீச்சும். படகைக் கட்டி நிறுத்தியிருக்கும்போது உந்துவிசை சுமார் 1.15 நியூட்டன். தாரைக்குள் போகும் திறன் 2.2 வாட். ஒரு கிலோ எடையுள்ள படகுக்கு இது போதும்.

மாணவர்கள் அடுத்துச் செய்வது நாசிலை இன்னும் சிறுக்க வைப்பது. பீச்சும் தூரம் கூடுகிறது, பார்க்கவும் வீரியமாக இருக்கிறது. கணக்கோ எதிர்த்திசையில் போகிறது. அதே 2.2 வாட்டைக் கொண்டு, 20 மி.மீ. நாசில் வழியாக அதிக நீரை மெதுவாகத் தள்ளினால், தாரையின் வேகம் 2.4 மீட்டராகக் குறையும், உந்துவிசை 1.8 நியூட்டனாக ஏறும். கொஞ்ச நீரைக் கடுமையாக எறிவதைவிட நிறைய நீரை மென்மையாக நகர்த்துவது மேல். புரொப்பல்லர் நீர்த்தாரையைத் தோற்கடித்ததும் இந்த இடத்தில்தான். 1787இல் ஜேம்ஸ் ரம்ஸி அமெரிக்காவின் பொடோமாக் ஆற்றில் நீராவி பம்பு வைத்த தாரைப் படகை ஓட்டிக் காட்டினார். 1866இல் பிரிட்டிஷ் கடற்படை 'வாட்டர்விட்ச்' என்ற கவசக் கப்பலையே தாரையில் ஓட்டிப் பார்த்தது. இரண்டுமே தொடர்ச்சி இல்லாமல் நின்றுபோயின. ஆழமான நீரில் பெரிய புரொப்பல்லர் எவ்வளவு நீரை வேண்டுமானாலும் நகர்த்தும். குழாய்க்குள் அடைபட்ட பம்புக்கு அது முடியாது.

தாரைக்கு வாழ்வு கொடுத்தது ஆழமில்லாத நீர். நியூசிலாந்தின் தென்தீவில், கூழாங்கல் படுகையில் கிளை கிளையாகப் பிரிந்து ஓடும் ஆறுகளின் கரையில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்தவர் பில் ஹாமில்டன். கணுக்கால் அளவுத் தண்ணீரில் புரொப்பல்லர் கல்லில் அடித்து உடையும். 1950களின் தொடக்கத்தில் அவர் தாரை இயந்திரத்தைக் கையில் எடுத்தார். நாசிலை நீருக்கு அடியிலிருந்து நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்தது அவர் செய்த முக்கியமான மாற்றம். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு போனது, இழுவையும் குறைந்தது. 1960இல் அவருடைய படகுகள் கொலராடோ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கை நீரோட்டத்துக்கு எதிராக ஏறின.

ஆழமில்லாத நீர் என்றதும் எங்கள் மாணவர்களுக்குப் பழவேற்காடு நினைவுக்கு வருவது இயல்புதான். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை தமிழ்நாட்டில். நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்பு இருந்தும் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவில்தான். கோடையில் பல இடங்களில் படகை இறங்கித் தள்ளவேண்டும். கம்பு ஊன்றிப் படகு செலுத்தும் பழக்கம் இங்கே நிலைத்ததற்கு இந்த ஆழம்தான் காரணம். கம்பு நீரைத் தள்ளுவதில்லை, தரையைத் தள்ளுகிறது. செயல்திறனில் அதை வெல்ல எந்தப் புரொப்பல்லராலும் முடியாது.

படகின் மாதிரியைக் கல்லூரித் தொட்டியில் சோதிக்கும்போது ஒரு விஷயம் மறந்துபோகிறது. தொட்டியை விளிம்புவரை நிரப்பி விடுகிறார்கள். வில்லியம் ஃபுரூட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த ஒப்புவிதிப்படி, 8 மீட்டர் ஃபைபர் படகுக்கு அரை மீட்டர் மாதிரி என்றால் அளவு பதினாறில் ஒன்று, வேகம் நாலில் ஒன்று. அப்படியானால் ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏரிக்குத் தொட்டியில் இருக்கவேண்டிய நீர் வெறும் ஆறு சென்டிமீட்டர். அந்த நீரில் ஓட்டிப் பார்த்தால் படகு வேறு படகாகிவிடும். ஆழமற்ற நீரில் அலைகளின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு மீட்டர் ஆழத்தில் அது நொடிக்கு 3.1 மீட்டர், மாதிரித் தொட்டியில் 0.78 மீட்டர். படகு அந்த வேகத்தை நெருங்கும்போது தான் எழுப்பிய அலையைத் தாண்ட முடியாமல் பின்பக்கம் அமிழ்ந்து, இழுவை திடீரென்று ஏறுகிறது. நிறைந்த தொட்டியில் துள்ளிக்கொண்டு ஓடிய படகு, ஆறு சென்டிமீட்டரில் தன் அலையையே சுமந்துகொண்டு திணறும். ஏரியின் அடித்தரையும் படகின் வடிவமைப்பில் ஓர் உறுப்பு என்பதை எந்த விரிவுரையும் இவ்வளவு சீக்கிரம் புரியவைக்காது.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. 1980 ஜூலை 18இல் எஸ்.எல்.வி. ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது அங்கிருந்துதான். ஏவும் நாட்களில் சுற்றுவட்டாரக் கடலுக்குப் போகக்கூடாது என்று குப்பங்களுக்கு அறிவிப்பு வரும். இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் எதிர்வினை விசையை விளக்க மெனக்கெட வேண்டியதில்லை, வாசலில் நின்று பார்த்து வளர்ந்தவர்கள். அதனாலேயே ஒரு வித்தியாசத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. ராக்கெட் எறியவேண்டியதையெல்லாம் கிளம்பும்போதே வயிற்றில் சுமந்துகொண்டு போகிறது. வழியில் யாரிடமும் எதையும் வாங்குவதில்லை. தாரைப் படகோ எறியும் ஒவ்வொரு துளியையும் தான் போகும் நீரிலிருந்து எடுக்கவேண்டும். சும்மா இருந்த நீரைத் தன் வேகத்துக்கு இழுத்துக்கொண்டு வருவதற்குப் படகு விலை கொடுக்கிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும்போது, நாம் கணக்கிட்ட 1.15 நியூட்டனில் 0.3 நியூட்டன் இந்த உள்வாங்கலுக்கே போய்விடும். மாணவர்களின் அறிக்கைகளில் இந்தக் கழித்தல் குறி அடிக்கடி விடுபட்டுப்போகும். நாசிலுக்கு மூன்று பக்கம் எழுதுவார்கள், உள்வாய்க்கு ஒரு வரி.

அந்த ஒரு வரியை விரித்தவர் மாணவர் ஒருவரின் தகப்பனார். ஏரியில் வலை கட்டுகிறவர். மாதிரிப் படகைக் கரையோரம் விட்டுக் காட்டியபோது நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பீச்சுறது நல்லாத்தான் இருக்குது சார். எதை இழுத்துப் பீச்சுது?"

"தண்ணியைத்தாண்ணே."

"எங்க தண்ணியில தண்ணி மட்டுமா இருக்குது?"

பாசி இருக்கிறது, சேறு இருக்கிறது, அறுந்த வலைத்துண்டும் இருக்கிறது. ஒப்புவிதி இவற்றுக்குச் செல்லாது. படகைப் பதினாறு மடங்கு சுருக்கலாம், பாசி இழையைச் சுருக்க முடியாது. 12 மி.மீ. உள்வாய்க்கு ஒரு பாசிக்கொத்து என்பது பெரிய படகின் குழாயில் ஆளுயரப் புதர் ஒன்று சிக்குவதற்குச் சமம். சில நொடிகளில் பம்பு மூச்சுத் திணறுகிறது. இதைக் குறையென்று பார்க்காமல் சோதனையின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளலாம். தொட்டியில் ஒரு பிடி பாசியையும் சேற்றையும் போட்டுவிட்டு ஓட்டச் சொல்லலாம். ஆனால் அந்த மனிதர் கேட்டதில் பாசியைவிடப் பெரிய விஷயம் இருந்தது.

பழவேற்காட்டு ஏரிக்கு உயிர் கொடுப்பது அதன் முகத்துவாரம். ஆரணியாறும் காளங்கியாறும் மழைக்காலத்தில் கொண்டுவரும் நன்னீர் அதன் வழியாக வெளியேறுகிறது. ஓதம் ஏறும்போது கடல்நீர் அதே வழியாக உள்ளே வருகிறது. தகரப் படகின் குழாயில் நடப்பது இங்கே பல ஆயிரம் மடங்கு பெரிதாக நடக்கிறது. வற்றும் ஓதத்தில் ஏரிநீர் கடலுக்குள் தாரையாகப் பீச்சுகிறது, கலங்கல் நிறத்தில் தனியே தெரிகிறது. ஏறும் ஓதத்தில் கடல்நீர் முகத்துவாரத்தைச் சுற்றி அரைவட்டமாக எல்லாப் பக்கத்திலிருந்தும் கூடி நுழைகிறது. போன நீரே திரும்பி வருவதில்லை. தாரையில் போனது தூரத்துக்குப் போய்விட்டது. வருவது பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்து வரும் புதிய நீர். ஓத வித்தியாசம் சுமார் ஒரு மீட்டரே உள்ள இந்தக் கரையில் ஏரி நாள்தோறும் தண்ணீரை மாற்றிக்கொள்ள முடிவது இந்த ஓரவஞ்சனையால்தான். ஸ்டொம்மெல், ஃபார்மர் என்ற இரு கடலியலாளர்கள் 1952இல் கழிமுகங்களைப் பற்றி எழுதும்போது இந்த வடிவத்தைத்தான் வரைந்தார்கள்.

தாரைக்கு வீரியம் இருக்கும்வரை முகத்துவாரம் திறந்திருக்கும். கரையோரமாக அலைகள் நகர்த்திக்கொண்டு வரும் மணலை அது கடலுக்குள் தள்ளிவிடும். மழை பொய்த்து, ஆற்றுநீர் குறைந்து, ஏரி தூர்ந்துபோகும்போது தாரை தளர்கிறது. மணல் குறுக்கே விழுந்து வாய் அடைகிறது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் கட்டிய துறைமுகச் சுவர்கள் அந்த மணலின் போக்கையும் மாற்றியிருக்கின்றன. அடைபட்ட காலங்களில் மீனவர்களே கூடி மணலை வெட்டித் திறந்திருக்கிறார்கள். பிறகுதான் அரசு தூர்வாரியதும், தூண்டில் வளைவு கட்டும் திட்டங்களும். முகத்துவாரம் அடைபட்டால் என்ன ஆகும் என்று குப்பத்தில் கேட்டால் படகு வெளியே போகமுடியாது என்பதை இரண்டாவதாகத்தான் சொல்வார்கள். இறால் உள்ளே வராது என்பது முதலில் வரும்.

வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. பொரிந்து பல உருமாறி, ஒரு சென்டிமீட்டருக்கு வளர்ந்த கண்ணாடி போன்ற குஞ்சுகள் ஏறும் ஓதத்தோடு ஏரிக்குள் நுழைகின்றன. அவை முகத்துவாரத்தை நேரே குறிபார்த்து வரவேண்டியதில்லை. சுற்றுப்புறத்தில் எங்கிருந்தாலும் அந்த மெல்லிய இழுப்பு அவற்றைக் கூட்டிச் சேர்க்கிறது. ஏரியின் ஆழமற்ற, பாசி படர்ந்த ஓரங்களில் சில மாதங்கள் வளர்ந்து, பிறகு வற்றும் ஓதத்தில் கடலுக்குத் திரும்புகின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் மீனவர்களின் பாடு முறை இந்த நடமாட்டத்தின் மேல்தான் எழுந்திருக்கிறது. எந்தப் பாட்டில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்பதைக் குலுக்கலாலும் முறைவைப்பாலும் தீர்த்துக்கொள்கிறார்கள். இறால் ஏரிக்குள் வரும் வழியும் போகும் வழியும் எல்லாருக்கும் பொது என்ற புரிதல் இல்லாமல் அப்படியொரு முறை நிலைத்திருக்காது. நடுவே ஒருவர் தனக்கென்று ஒரு வாயைத் திறந்துவைத்தால் கணக்கு குலைந்துவிடும்.

இப்போது அந்தத் தகப்பனாரின் கேள்வியைக் கணக்காக எழுதிப் பார்க்கலாம். நீளம் பதினாறு மடங்கானால் நீரின் பாய்வு ஆயிரம் மடங்காகும். மாதிரியில் நொடிக்கு 0.3 லிட்டர் என்றால் 8 மீட்டர் படகில் நொடிக்கு 300 லிட்டர். ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 11 லட்சம் லிட்டர் ஏரிநீர், அதிலுள்ள குஞ்சுகளோடும் மிதவை உயிர்களோடும், மூடிய குழாய்க்குள் சுழலும் இம்பெல்லர் வழியாகப் போய்வருகிறது. புரொப்பல்லரும் நிறைய நீரை நகர்த்துகிறது, அதே விசைக்கு இன்னும் அதிகமாகவே நகர்த்தும் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அது திறந்த நீரில் சுழல்கிறது, அதன் வேகமும் அழுத்தமும் மென்மையானவை. தாரை இயந்திரத்தின் சிறப்பே ஆழமற்ற ஓரங்களுக்குள் வேகமாக நுழைய முடிவதுதான். குஞ்சுகள் வளர்வதும் அதே ஓரங்களில்தான்.

அங்கே மனிதர்களும் இருக்கிறார்கள். இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை உண்டு. இதுவரை வேகப் படகுகள் எட்டாத நீர் என்பதே அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்துவந்திருக்கிறது. அரையடி நீரிலும் பாயக்கூடிய படகு வந்துவிட்டால் அது போகாத இடமே இருக்காது. தாரைப் படகில் இன்னொரு சங்கடமும் உண்டு. அதற்குச் சுக்கான் கிடையாது, தாரையைத் திருப்பித்தான் படகைத் திருப்பவேண்டும். எதிரே ஆள் நிற்பதைப் பார்த்துப் பதறி இன்ஜினைக் குறைத்தால், திருப்பும் சக்தியும் கூடவே போய்விடும்.

அதனால் பழவேற்காட்டு மீன்பிடிப் படகுகளுக்குத் தாரை வேண்டாம் என்பது என் தீர்மானம். ஒரே ஒரு வேலைக்கு வேண்டும் என்றும் நினைக்கிறேன். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிப்போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். நீரில் தத்தளிக்கிறவர்களுக்கு அருகே புரொப்பல்லர் சுழலும் படகைக் கொண்டுபோவது ஆபத்து. வெளியே நீட்டிய இலை எதுவுமில்லாத தாரைப் படகை அருகில் கொண்டுபோகலாம். மணல்திட்டுகளைச் சுற்றாமல் தாண்டியும் போகலாம். மீட்புப் படகு ஆண்டில் சில மணி நேரம்தான் ஓடும், அது விழுங்கும் நீரை ஏரி பொறுத்துக்கொள்ளும். இதற்கு வேண்டிய தொழில்நுட்பம் தூரத்தில் இல்லை. காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்தில் எல் அண்ட் டி நிறுவனம் கடலோரக் காவல்படைக்குக் கட்டிய இடைமறிப்புப் படகுகள் தாரையில் ஓடுகிறவைதான். ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் அந்தத் தளத்துப் பக்கம் விளக்குகள் தெரியும்.

இந்த நீர்ப்பரப்பில் நீரை விழுங்கும் குழாய் படகில் மட்டும் இல்லை. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையங்கள் குளிர்விப்பதற்காக நீரை இழுத்துச் சூடாக்கி வெளியே விடுகின்றன. எங்கள் மாணவர்கள் படித்து முடித்து வேலை தேடும் இடங்களில் அவையும் உண்டு. அங்கே ஒரு பொறியாளர் செய்யும் வேலையில் நாசில் கொஞ்சம்தான். உள்வாயும் அதன் கம்பி வலையும், அதன் குறுக்கே நீர் எவ்வளவு மெதுவாகப் போகவேண்டும் என்பதுமே பெரும்பாடு. அமெரிக்காவில் மின்நிலையங்களுக்கு வகுத்த விதியில் வலைக்குள் நுழையும் நீரின் வேகம் நொடிக்கு 15 சென்டிமீட்டருக்கு மிகாமல் இருந்தால் மீன் நீந்தித் தப்பலாம் என்ற ஓர் அளவு இருக்கிறது. பெரிய மீனுக்கு அது சரி. ஒரு சென்டிமீட்டர் இறால் குஞ்சுக்கு அதுவும் அதிகமாக இருக்கக்கூடும்.

அந்த 15 சென்டிமீட்டரைப் படகிலும் வைத்துப் பார்த்தோம். 12 மி.மீ. குழாய் 0.3 லிட்டரை இழுக்கும்போது வாயில் நீரின் வேகம் நொடிக்கு 2.6 மீட்டருக்கு மேல். அதை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டுமானால் வாயை 20 சதுர சென்டிமீட்டருக்கு அகலப்படுத்தி, கம்பிவலை போட்டு, உள்ளே படிப்படியாகக் குறுக்கிப் பம்புக்குக் கொண்டுபோகவேண்டும். நாலு சென்டிமீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர்: மாதிரிப் படகின் அடியில் இதற்கு இடம் இருக்கிறது. தகடு வெட்டி ஒட்டிவிடலாம். வலையின் இடைவெளியைக் குறைத்தால் குஞ்சு தப்பும், பாசி சீக்கிரம் அடைக்கும். கூட்டினால் பாசி போய்விடும், குஞ்சும் போய்விடும். எட்டு மீட்டர் படகில் அதே வேகத்துக்கு வாய் இரண்டு சதுர மீட்டர் வேண்டும். அதுவும் படகு நின்றிருக்கும்போது மட்டும். ஓடத் தொடங்கிவிட்டால் நீர் படகின் வேகத்திலேயே வாய்க்குள் புகும், எவ்வளவு அகலப்படுத்தினாலும் 15 சென்டிமீட்டர் நிற்காது. வலையை அடியில் வைக்காமல் பக்கவாட்டில் சரிவாக வைத்து, ஓடும் நீர் குஞ்சையும் பாசியையும் வழித்துக்கொண்டு போகும்படி செய்ய முடியுமா என்பதுதான் இந்த ஆண்டு வகுப்புக்குக் கொடுத்திருக்கும் கேள்வி. தொட்டியில் ஆறு சென்டிமீட்டர் தண்ணீர், ஒரு பிடி ஏரிச்சேறு, ஒரு பிடி பாசி. மதிப்பெண்ணில் பாதி உள்வாய்க்கு.